வல்லூறு இறகுல பாதரசம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தெர்மாமீட்டர் பத்தி எழுதுறப்ப, "பருந்து வல்லூறு உடம்புலகூட பாதரசம் ஏறிக் கிடக்கு"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டுப் போயிட்டேன், அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் வராது போல. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுதான். ஜோசியக் கேள்வி அனுப்பினவங்க மன்னிக்கணும், அது எனக்கு எப்பவுமே வராது.

கேள்வி: பாதரசம் ரொம்ப கனம், தண்ணியில போட்டா அடியில போய் உக்காந்துக்கும்னு சார் சொன்னாரு. அப்புறம் வானத்துல பறக்குற கழுகுக்குள்ள எப்படி போகும்?
- பத்தாம் வகுப்பு மாணவர், சிவகங்கை

பதில்: தம்பி, உங்க சார் சொன்னது சரி, ஒரு லிட்டர் பாதரசம் பதிமூணரை கிலோ இருக்கும். ஆனா அதுக்கு இன்னொரு குணமும் இருக்கு, உலோகமா இருந்துக்கிட்டே சாதாரண சூட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். நிலக்கரிக்குள்ள ரொம்ப நுணுக்கமான அளவுல பாதரசம் இருக்கு, அதை டன் கணக்குல எரிக்கிறப்ப அது புகைபோக்கி வழியா மேல போய், காத்தோட மாசக்கணக்குல சுத்தி, எந்த நாட்டுலயோ மழையோட இறங்குது. தங்கம் எடுக்குறவங்க மண்ணோட பாதரசத்தைக் கலந்து, அப்புறம் அதைச் சூடு பண்ணி ஆவியாக்கி விடுறாங்க பாருங்க, அதுதான் இன்னைக்கு உலகத்துலயே பெரிய அளவுல வர்றது. ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட கணக்குப்படி 2015ல மனுஷன் காத்துல விட்ட பாதரசம் சுமார் 2,220 டன், அதுல 38 சதவீதம் இந்த சின்னச் சின்ன தங்கச் சுரங்கத்துல இருந்துதான், நிலக்கரி 21 சதவீதம்.

சரி, மழையோட இறங்கியாச்சு. இனிமேதான் விஷயமே. குளத்து அடிச்சேத்தைக் கிளறினா கறுப்பா வரும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்ல? அது அங்க காத்தே இல்லாம வாழுற பாக்டீரியா விடுற நாத்தம். அந்தக் கூட்டத்துல சில பாக்டீரியாதான் பாதரசத்தோட ஒரு கார்பன் துண்டை ஒட்டி மெத்தில் மெர்குரியா மாத்தி விடுது. வெறும் பாதரசத்தை முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும், மெத்தில் மெர்குரி அப்படி இல்ல, குடல்ல இருந்து கிட்டத்தட்ட மொத்தமும் ரத்தத்துக்குப் போயிடும், போய் கறியில ஒட்டிக்கும், சீக்கிரம் வெளிய வராது. பாசியில கொஞ்சம், பாசியைத் தின்ன பூச்சியில அதை விட ஜாஸ்தி, பூச்சியைத் தின்ன கெண்டைக் குஞ்சுல இன்னும் ஜாஸ்தி, குஞ்சைத் தின்ன விரால்ல அதுக்கும் மேல. தண்ணியில இருக்குற அளவையும் பெரிய மீன் கறியில இருக்குற அளவையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்கூட வரும். அந்த விராலைத் தூக்கிட்டுப் போறது யாரு? அவ்வளவுதான் தம்பி, வானத்துக்கு ஏறியாச்சு.

கேள்வி: மீன் தின்னுற கழுகுக்கு நீங்க சொல்றது பொருந்தும். எங்க ஊர்ல வல்லூறு கோழிக்குஞ்சையும் புறாவையும்தான் தூக்குது, அது மீன் பக்கமே போறதில்ல. அதுக்கு எங்க இருந்து வரும்?
- விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அண்ணே, நீங்க விவசாயின்னு போட்டதால இந்தக் கதை உங்களுக்கு என்னை விட நல்லா புரியும். ஸ்வீடன்ல நடந்தது. அங்க கோதுமை பார்லி விதைக்கிறப்ப பூஞ்சை வராம இருக்க விதை நேர்த்தி பண்ணுவாங்க, நாம சூடோமோனாசும் கார்பன்டாசிமும் கலக்குற மாதிரி. அவங்க 1940 வாக்குல இருந்து கலக்க ஆரம்பிச்சது மெத்தில் மெர்குரி மருந்து, பேனோஜென்னு ஒரு பேரு அதுல பிரபலம். சேத்துல பாக்டீரியா கஷ்டப்பட்டு பண்ற வேலையை இவங்க ஃபேக்டரியிலயே பண்ணி டப்பாவுல அடைச்சு வித்தாங்கன்னு வச்சுக்கோங்களேன். மருந்து நல்லா கேட்டுச்சு, விலையும் கட்டுப்படியாச்சு, அதனால நோய் இருக்கோ இல்லையோ எல்லா விதைக்கும் கலந்தாங்க. எந்த மருந்துக்கும் நடக்குறதுதானே இது.

விதைச்ச வயல்ல மேலாக்க கிடக்குற தானியத்தை புறாவும் காக்காவும் கௌதாரியும் பொறுக்காம விடுமா? 1950கள்ல வயல் ஓரத்துல பறவை செத்துக் கிடக்குறதையும், சிலது பறக்க முடியாம தடுமாறுறதையும் வேட்டைக்காரங்களும் பறவை பார்க்குறவங்களும் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஸ்டாக்ஹோம்ல அரசு கால்நடை மருத்துவ நிறுவனத்துல கார்ல் போர்க்னு ஒருத்தர், அவரும் கூட இருந்தவங்களும் செத்த பறவைகளை வாங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் அறுத்துப் பார்த்தா, தானியம் தின்னதுல பாதரசம், அதைத் தின்ன வல்லூறுலயும் ஆந்தையிலயும் அதை விட ஜாஸ்தி பாதரசம். தடுமாறுற புறாவைப் பிடிக்கிறதுதான் வல்லூறுக்கு லேசு, அதனால கூட்டத்துல எது விஷம் ஏறினதோ அதையே தேடித் தேடிப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மருந்துக்காரங்க சும்மா இருப்பாங்களா, வேற ஏதோ காரணம்னாங்க. அப்ப ஒரு சோதனை பண்ணாங்க, மருந்து கலந்த தானியத்தைக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழிக்கறியை வல்லூறுக்குக் கொடுத்தாங்க. இது கோஸ்ஹாக்னு சொல்ற பெரிய சாதி, நம்ம வைரி மாதிரி சின்னது இல்ல. கறியில கிலோவுக்கு 10ல இருந்து 13 மில்லிகிராம் பாதரசம் இருந்துச்சு. 30 நாள்ல இருந்து 47 நாளுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு.

கனடாவுலயும் இதே கதைதான், ஆல்பர்ட்டா மாகாணத்துல தானியம் தின்னுற பறவையிலயும் அதை வேட்டையாடுற பறவையிலயும் பாதரசம் இருக்குன்னு தெரிஞ்சு 1969ல ஃபெசன்ட்னு ஒரு காட்டுக்கோழி மாதிரிப் பறவையோட வேட்டை சீசனையே மூடினாங்க. அங்க அரசாங்கத்துக்குக் கவலை பருந்து இல்ல, ஃபெசன்ட்டைச் சுட்டுச் சாப்பிடுற மனுஷன்தான், ஆனா காரணம் எதுவா இருந்தா என்ன. இராக்ல 1971-72ல விதைக்குன்னு வந்த மருந்துத் தானியத்தையே மாவரைச்சு ரொட்டி சுட்டுத் தின்னுட்டாங்க, மேல பூசின சாயத்தைக் கழுவினா விஷமும் போயிடும்னு சில பேர் நினைச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில சேர்ந்தது 6,530 பேரு, அங்க இறந்தது 459 பேரு.

அப்புறம் தண்ணியில இருந்து கரைக்கு ஏறுற வழி ஒண்ணும் இருக்கு. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல சவுத் ரிவர்னு ஒரு ஆறு, 1929ல இருந்து 1950 வரைக்கும் ஒரு செயற்கை இழை ஆலையில இருந்து பாதரசம் அதுல போயிருக்கு. அம்பது வருஷம் கழிச்சு ஆத்தங்கரை மரத்துல இருக்குற குருவிகளைப் பிடிச்சு ரத்தம் பார்த்தா மீன்கொத்தி அளவுக்கு பாதரசம், மீனை முகர்ந்துகூட பார்க்காத குருவி. காரணம் சிலந்தி. சிலந்தி ஒரு பூச்சியைத் தின்னு, அந்தப் பூச்சி இன்னொண்ணைத் தின்னு, குருவி சிலந்தியைக் குஞ்சுக்கு ஊட்டுது. சின்ன உடம்பா இருந்தாலும் எத்தனை படி ஏறி வந்துச்சுங்கிறதுதான் கணக்கு. அந்தக் குருவியைப் பிடிக்கிற வல்லூறு இன்னும் ஒரு படி மேல.

கேள்வி: நான் லேப்ல வேலை பார்க்குறேன். பாதரசம்னா ரத்தம், யூரின் பார்ப்போம். இறகு செத்த பொருள்தானே, அதுல பார்த்து என்ன தெரியும்னு சயின்டிஸ்ட்டுங்க இறகு இறகுன்னு அலையுறாங்க?
- வாசகி, மதுரை

பதில்: மேடம், செத்த பொருளா இருக்குறதுதான் அதோட பெருமையே. இறகு முளைக்கிறப்ப அதோட தண்டுல ரத்தம் ஓடும், அந்த ரெண்டு மூணு வாரத்துல ரத்தத்துல இருக்குற மெத்தில் மெர்குரி இறகுல இருக்குற கெரட்டின்ங்கிற புரதத்தோட கந்தகத்தைப் பிடிச்சுக்கும். இறகு முழுசா வளர்ந்ததும் ரத்தக் குழாய் மூடிக்கும், அதுக்கப்புறம் உள்ள ஏறினது ஏறினதுதான், வெயிலு மழை எதுக்கும் லேசுல இறங்காது. பறவைக்கு இது ஒரு கழிவு வாசல்கூட, உடம்புல இருக்குற பாதரசத்துல பாதிக்கு மேல, சில பறவையில முக்கால்வாசிக்கு மேலயே இறகுக்குப் போயிடும், இறகு உதிர்க்கிறப்ப விஷத்தையும் சேர்த்து உதிர்க்குது. நம்ம தலைமுடியும் இதே கதைதான், ஜப்பான்ல பாதரசம் ஏறின மீனைத் தின்னு நோய் வந்த மினமாட்டா ஊர் ஜனங்களுக்கு முடியை எடுத்துத்தான் பார்த்தாங்க.

இப்ப ஸ்வீடன் கதையோட ரெண்டாவது பாதி. செத்த பறவையில பாதரசம் இருக்கு சரி, அது எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சா இல்ல புதுசா வந்துச்சான்னு எப்படி நிரூபிக்கிறது? 1850ல செத்த வல்லூறோட ரத்தம் யார்கிட்ட இருக்கு? ரத்தம் இல்ல, ஆனா இறகு இருக்கு! ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாறு அருங்காட்சியகத்துல நூறு வருஷத்துக்கும் மேலா பஞ்சடைச்ச பறவை வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணு கால்லயும் தேதி, ஊரு எழுதின சீட்டு. அங்க இருந்த ஆல்ஃப் யோனெல்சும் வெஸ்டர்மார்க்னு ஒரு கதிரியக்க வேதியியல்காரரும் கூட்டு சேர்ந்தாங்க. வெஸ்டர்மார்க் கையில இருந்த முறைக்கு இறகுல ஒரு சின்னத் துண்டு போதும், அணு உலையில வச்சு நியூட்ரான் அடிச்சா பாதரசம் கதிர் வீச ஆரம்பிக்கும், அதை எண்ணினா அளவு வந்துடும். இறகை அரைச்சுக் கரைச்சு நாசம் பண்ணணும்னா எந்த மியூசியக்காரரும் தொடவே விட்டிருக்க மாட்டாரு, என் அனுபவத்துல லைப்ரரிக்காரங்க பழைய புக்கைக்கூட ஜெராக்ஸ் எடுக்க விட மாட்டாங்க.

1966ல முடிவை வெளியிட்டாங்க. கோஸ்ஹாக் இறகுல 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து 1940 வரைக்கும் சராசரியா கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் மாதிரி, பெருசா ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, கோடு படுத்துக் கிடக்கு. 1940க்கு அப்புறம் எழுந்து நிக்குது, பத்து மடங்கு, இருபது மடங்கு. விதை மருந்து வந்த காலமும் அதுவும் ஒண்ணு. அந்தப் பறவைக்குக் கால்ல கட்டின சீட்டுல தேதி எழுதினவருக்கு பாதரசம்னு ஒண்ணு கணக்குலயே இருந்திருக்காது, நூறு வருஷம் கழிச்சு அந்தத் தேதிதான் சாட்சி சொல்லுது. மெத்தில் மெர்குரி விதை மருந்தை 1966 பிப்ரவரியோட ஸ்வீடன் நிறுத்திடுச்சு, அதுக்கப்புறம் சில வருஷத்துலயே கோஸ்ஹாக் இறகுல கோடு கீழ இறங்கிடுச்சு.

இத்தோட விட்டிருந்தா விதை மருந்துதான் வில்லன், பிடிச்சாச்சு, சுபம்னு முடிஞ்சிருக்கும். ஆனா அதே ஆளுங்க இன்னொரு பறவையோட இறகையும் பார்த்தாங்க, விரால் அடிப்பான், ஆஸ்ப்ரே. அது விதையும் தின்னாது, விதை தின்ன புறாவையும் தின்னாது, மீன் மட்டும்தான். அதோட கோடு 1940ல குதிக்கல, நூறு வருஷமா ஃபேக்டரி பெருகப் பெருக மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே வந்திருக்கு. அதாவது தண்ணிக்குள்ள தனியா ஒரு குற்றம் நடந்துக்கிட்டு இருக்கு. காகிதக் கூழ் ஆலை, காஸ்டிக் சோடா ஆலை எல்லாம் ஆத்துலயும் ஏரியிலயும் பாதரசம் விட்டுக்கிட்டு இருந்தாங்க, ஆனா அவங்க விட்டது மெத்தில் மெர்குரி கிடையாது. அதனால "எங்களுது வேற சரக்கு, அடியில போய் உக்காந்துக்கும்"னு சொல்லிக்கலாம்ல. அந்தச் சமயத்துலதான் குன்னல் வெஸ்டோங்கிற அம்மா ஸ்வீடன் மீனைச் சோதிச்சு, உள்ள இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே மெத்தில் மெர்குரின்னு காட்டினாங்க. யென்சன், யெர்னலோவ்னு ரெண்டு பேரு மீன் தொட்டிச் சேத்தை எடுத்து அதுல சாதா பாதரசத்தைப் போட்டு, அது தானா மெத்தில் மெர்குரியா மாறுறதை 1969ல நிரூபிச்சாங்க. மேல சிவகங்கைத் தம்பிக்கு ரெண்டு வரியில சொன்னேனே சேத்து பாக்டீரியா, அது இப்படித்தான் வெளிய வந்துச்சு.

எனக்கு இந்த மொத்தக் கதையில பிடிச்சதே இந்த இடம்தான். கோஸ்ஹாக்கை மட்டும் கேட்டிருந்தா பாதிப் பதில்தான் கிடைச்சிருக்கும். வயல்ல நடந்ததை வல்லூறு சொல்லுச்சு, ஆத்துல நடந்ததை விரால் அடிப்பான் சொல்லுச்சு. எந்தப் பறவையைக் கேட்கணும்னு தெரிஞ்சவங்க இருந்தாங்க, அது அவங்க அதிர்ஷ்டம்.

லேப்ல இருக்கீங்க, அதனால ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். பழைய மியூசியப் பறவைக்குப் பூச்சி அரிக்காம இருக்க மெர்குரிக் குளோரைடு தடவுற வழக்கம் இருந்துச்சு, ஆர்சனிக்கும் உண்டு. அதை வெளிப்பக்கம் சுமந்துக்கிட்டு இருக்குற இறகுல மொத்தப் பாதரசத்தை மட்டும் அளந்தா தப்பான நம்பர் வரும். அதனால இப்ப பழைய இறகுல மெத்தில் மெர்குரியை மட்டும் தனியா பிரிச்சு அளக்குறாங்க, அது தடவினதுல இருந்து வராது, பறவை தின்னதுல இருந்துதான் வரும்.

கேள்வி: பாதரசம் ஏறின பறவையைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ரொம்ப ஏறினதுன்னா தெரியும், எடை குறையும், றெக்கை தொங்கும், நிக்கிறப்ப தள்ளாடும், மூளையையும் நரம்பையும்தான் அது முதல்ல பிடிக்கும். ஆனா இதே அடையாளம் பூச்சி மருந்துக்கும் வரும், ஈய விஷத்துக்கும் வரும், கண்ணால பார்த்து இது பாதரசம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பெரும்பாலும் சாகுற அளவுக்கு ஏறாது, முட்டை பொரியாம போறது, குஞ்சு குறையுறதுன்னு சத்தமில்லாம நடக்கும். அம்மாப் பறவை முட்டைக்குள்ளயும் கொஞ்சம் பாதரசத்தை இறக்கிடுது, அவளுக்கு அது நல்லது, குஞ்சுக்கு இல்ல.

கேள்வி: அணை கட்டினா மீன்ல பாதரசம் வரும்னு ஒரு வீடியோ பார்த்தேன். அணைக்கும் பாதரசத்துக்கும் என்ன சம்பந்தம்? சும்மா கிளப்பி விடுறாங்களா?
- ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை ஊழியர், மேட்டூர்

பதில்: ஐயா, வீடியோவுல என்ன சொன்னாங்களோ தெரியாது, விஷயம் உண்மைதான். காட்டை மூழ்கடிச்சுப் புதுசா நீர்த்தேக்கம் வந்தா, உள்ள போன மண்ணும் இலை தழையும் அழுக ஆரம்பிக்கும், அழுகுற இடத்துல காத்து இருக்காது, பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து. மண்ணுல ஏற்கெனவே இருந்த பாதரசத்தையே அது மெத்தில் மெர்குரியா மாத்திடும், யாரும் புதுசா கொண்டு வந்து கொட்ட வேண்டியதில்ல. கனடாவுல கியூபெக்ல ஜேம்ஸ் பே நீர்மின் திட்டத்துல பெரிய பெரிய தேக்கமா கட்டினாங்க, அந்தப் பக்கம் கூடு கட்டுற விரால் அடிப்பான் குஞ்சோட இறகுல, இயற்கை ஏரிப் பக்கத்துக் குஞ்சை விட அஞ்சு மடங்கு வாக்குல பாதரசம் இருந்துச்சு.

ஆனா இதையும் சேர்த்துச் சொல்லணும், அத்தனை ஏறியும் அங்க குஞ்சு எண்ணிக்கை குறையல. வளருற குஞ்சு பூரா நேரமும் இறகு முளைச்சுக்கிட்டே இருக்குறதால விஷத்தை அதுல தள்ளிட்டே இருக்கு, அது ஒரு காரணம். நம்பர் பெருசா இருந்தாலே பறவை செத்துடும்னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒரே அளவு ஒரு சாதிப் பறவையைச் சாய்க்கும், இன்னொண்ணு தாங்கிக்கும், கடல் பறவை சிலது செலினியம்ங்கிற தாதுவோட சேர்த்து ஈரல்லயே பாதரசத்தைக் கட்டிப்போட்டு வச்சுக்கும். பழைய அணையில இந்தப் பிரச்சனை காலப்போக்குல தணியும், மூழ்கின காடு அழுகி முடியுற வரைக்கும்தான் ஆட்டம், அதுக்குப் பத்துல இருந்து முப்பது வருஷம் ஆகலாம். மேட்டூர் 1934லயே கட்டினது, நீங்க கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகு எல்லாம் அழிஞ்சதுக்குக் காரணம் இந்தப் பாதரசம்தானா?
- வாசகி, கூடலூர்

பதில்: இல்லைங்க. அது டைக்ளோஃபெனாக், மாட்டுக்குப் போடுற வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறு கழுகுக்குச் சிறுநீரகம் போயிடும், 2004ல நிரூபணம் ஆச்சு, 2006ல இந்தியாவுல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க, 2023ல கீட்டோபுரொஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்துச்சு. உங்க பக்கத்துல மாயாறு, சீகூர்ல மிச்சம் இருக்குற பாறு தப்பணும்னா மாட்டு டாக்டர்கிட்ட அதுக்குப் பதிலா பாறுக்குக் கெடுதல் பண்ணாத மெலாக்சிகாம்ங்கிற வலி மருந்தை எழுதச் சொல்லுங்க, பாதரசத்தைத் தேடிட்டு இருக்காதீங்க.

கேள்வி: கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசம் இன்னும் இருக்குன்னு சொல்றாங்களே, அது பறவைக்குப் போகாதா?
- கல்லூரி மாணவி, வத்தலக்குண்டு

பதில்: அந்த ஆலை 1983ல வந்தது, பாதரசக் கண்ணாடிக் கழிவு காயலாங்கடையில கிடந்ததைப் பிடிச்சு ஜனங்க போராடின பிறகு 2001ல மூடினாங்க. அங்க வேலை பார்த்தவங்க பட்ட பாடு தனிக் கதை, 591 பேருக்கு 2016லதான் ஒரு உடன்பாடு வந்துச்சு. உங்க கேள்விக்கு வர்றேன். ஹைதராபாத்ல இருந்து வந்து ஆராய்ச்சி பண்ணவங்க அந்தப் பக்கத்துப் பாசியிலயும் மரத்துல ஒட்டுற லைக்கன்லயும் பாதரசம் இருக்குன்னு காட்டினாங்க, அப்புறம் கொடைக்கானல் ஏரித் தண்ணி, அடிச்சேறு, மீன்லயும் பார்த்தாங்க. அப்படின்னா ஆவியா போயிருக்கு, மழையோட இறங்கியிருக்கு, ஏரிச் சேத்துக்குப் போயிருக்கு, மீனுக்கு ஏறியிருக்கு. மேல சொன்ன படிக்கட்டுல பாதி தூரம் ஏறியாச்சு, மீதிப் படியில யாரு உக்காந்திருக்காங்கன்னு ஏரியில மீன் பிடிக்கிற பறவையைப் பார்த்தா போதும். படிப்புக்கு ப்ராஜெக்ட் தேடுறீங்கன்னா உங்க துறைத் தலைவர்கிட்ட கேட்டுப் பாருங்க, கூட்டுக்கு அடியில உதிர்ந்து கிடக்குற இறகு போதும், பறவையைப் பிடிக்கவே வேண்டாம். ஆனா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இறகைக்கூட பையில போடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவம் ஆகி ஒரு மாசம். பால் ஊறணும்னு சுறா புட்டு செஞ்சு கொடுக்குறேன். உங்க கழுகுக் கதையைப் படிச்சதுல இருந்து பயமா இருக்கு.
- ஒரு பாட்டி, தூத்துக்குடி

பதில்: அம்மா, பயப்படாதீங்க, ஆனா நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. கடல்ல சுறாதான் நம்ம கதையில வர்ற வல்லூறு, படிக்கட்டுல மேல உக்காந்திருக்குற சாதி. பெரிய சுறா, கொப்பரன், பெரிய சூரை இதுலதான் மெத்தில் மெர்குரி ஜாஸ்தி, கர்ப்பமா இருக்குறவங்களும் பால் கொடுக்குறவங்களும் இதைக் குறைச்சுக்கணும்னுதான் பல நாட்டுல சொல்றாங்க, ஏன்னா வளருற மூளைக்குத்தான் அது எதிரி. பால்சுறா சின்னதுதான், பெரிய சுறா அளவுக்கு ஏறியிருக்காது, எப்பவோ ஒரு நாள் செஞ்சதுக்கு மனசைக் குழப்பிக்காதீங்க. தினம் மீன் கொடுக்கணும்னா மத்தி, நெத்திலி, காரல் வாங்குங்க, குறைஞ்ச நாள் வாழுற சின்ன மீன், அதுல ஏற நேரமே இல்ல. புட்டு மாதிரியே உதிர்த்துப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினா சாளையும் நல்லாத்தான் இருக்கும், எங்க வீட்ல செய்வாங்க. மீனையே நிறுத்திடாதீங்க, அதுல இருக்குற நல்லதும் குழந்தைக்கு வேணும்.

கேள்வி: இதுக்கு உலக அளவுல ஏதாவது நடவடிக்கை உண்டா, இல்ல வழக்கம்போல மாநாடு நடத்தி டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்களா?
- வாசகர், திருச்சி

பதில்: டீயும் குடிச்சாங்க, கையெழுத்தும் போட்டாங்க. மினமாட்டா ஒப்பந்தம்னு 2013ல ஜப்பான்ல கையெழுத்தாச்சு, 2017 ஆகஸ்ட் 16ல அமலுக்கு வந்துச்சு, இலங்கை 2017லயும் இந்தியா 2018லயும் சேர்ந்தாங்க. மினமாட்டா ஊர்ல மனுஷனுக்கு வந்த நோயை 1956ல அதிகாரபூர்வமா ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே பூனை பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடிச் செத்துச்சு, காக்கா வானத்துல இருந்து பொத்துன்னு விழுந்துச்சு, யாரும் காதுல போட்டுக்கல. ஒப்பந்தப்படி புது பாதரசச் சுரங்கம் கூடாது, தெர்மாமீட்டர், பல்பு, பேட்டரின்னு ஒண்ணொண்ணா நிறுத்தணும், ஆனா தங்கச் சுரங்கத்துக்கு "குறைச்சுக்கோங்க"ன்னு சொல்ற அளவுக்குத்தான் பல் இருக்கு, அதுதானே முதல் இடத்துல இருக்கு! என் கணக்குல பாதி மார்க் போடலாம்.

கேள்வி: பழவேற்காட்டுக்கு வருஷா வருஷம் விரால் அடிப்பான் வருது, போட்டோ எடுத்திருக்கேன். அது வடக்க இருந்து பாதரசத்தைச் சுமந்துக்கிட்டு வருதா, இல்ல இங்க வந்து ஏத்திக்கிட்டுப் போகுதா?
- புகைப்படக்காரர், பொன்னேரி

பதில்: அருமையான கேள்வி, இதை ஸ்வீடன்காரங்களே கேட்டுப் பார்த்திருக்காங்க. அவங்க விரால் அடிப்பான் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகுது, ஒரு பகுதி இறகு அங்க முளைக்குது, ஒரு பகுதி கோடைக்கு ஊர் திரும்பினதும் முளைக்குது. ஒரே றெக்கையில ரெண்டு இறகைப் பக்கத்துப் பக்கத்துல பிடுங்கிப் பார்த்தா அளவு ஒண்ணா இல்ல, ஸ்வீடன்ல முளைச்சதுல ஜாஸ்தி. அதனால உங்க பறவைக்கும் பதில் எந்த இறகைக் கேட்குறீங்கங்கிறதைப் பொறுத்துதான். அக்டோபர் வாக்குல வந்து இறங்குறப்ப ரத்தத்துல இருக்குறது வர்ற வழியில தின்ன மீனோடது, அது சில வாரத்துல பாதியாக் குறைஞ்சுடும், பழைய றெக்கை இறகு போன இடத்தோட கணக்கை அப்படியே வச்சிருக்கும். ஆனா இது குளிர்காலத்துலதான் பெரும்பாலும் இறகு மாத்துது, நீங்க அடுத்த தடவை போட்டோ எடுக்குறப்ப றெக்கையில சந்து விழுந்திருக்கான்னு ஜூம் பண்ணிப் பாருங்க. அந்தச் சந்துல முளைக்கிற இறகு முழுக்க முழுக்க பழவேற்காட்டு மடவை மீன்ல முளைக்கிறது, பங்குனியில அதை வச்சுத்தான் வடக்க பறந்து போகுது.